நகர்முடிச்சு

‘அட்ஜஸ்டபிள் நாட்’ என்பதைச் சிலர் ‘சரிசெய்யக்கூடிய முடிச்சு’ என்று எழுதுகிறார்கள். படித்தால் ஏதோ பழுதான முடிச்சை ரிப்பேர் பண்ணப் போவது போல இருக்கிறது. வேறு சிலர் ‘சுருக்குமுடிச்சு’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் பொருள் தலைகீழ்.

‘முடிதல்’ என்றால் கட்டுதல். கூந்தலை முடிந்தாள், முந்தானையில் காசை முடிந்து வைத்தாள் என்கிறோமே, அந்த முடிதல்தான். அதன் உறவுதான் முடிச்சு. (பிறர் முடிந்து வைத்ததை அவிழ்ப்பவன் முடிச்சவிழ்க்கி. இன்று அது வெறும் வசவாகிவிட்டது.) ‘சுருங்கு’ தன்வினை, ‘சுருக்கு’ பிறவினை. வாரை இழுத்தால் சுருக்குப்பையின் வாய் மூடிக்கொள்ளும். உருவாஞ்சுருக்கும் அதே இனம். உருவிக்கொண்டு போய் இறுக்கும், இழுக்க இழுக்க வளையம் சிறுத்துக்கொண்டே வரும்.

நாம் பேசும் முடிச்சு அப்படியில்லை. கையால் தள்ளினால் நகரும். கயிறு விறைத்ததும் நின்ற இடத்திலேயே கவ்விக்கொள்ளும். கூடாரக் கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நுனியை, வளையத்துக்கு உள்பக்கமாக, விறைத்து நிற்கும் கயிற்றின் மேல் முளையை நோக்கி இரண்டு சுற்று சுற்றுங்கள். அப்புறம் அந்தச் சுற்றுகளைத் தாண்டி வெளிப்பக்கம் வந்து இன்னொரு சுற்று போட்டு, நுனியை அதற்குள்ளேயே நுழைத்து இறுக்குங்கள். பாரம் விழும்போது கயிறு சற்றே வளைந்து சுற்றுகளோடு உராய்கிறது. அந்த உராய்வுதான் பிடி. கயிறு தொய்ந்தால் முடிச்சை முளையிலிருந்து விலக்கித் தள்ள வேண்டியதுதான், அவிழ்க்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘டாட்-லைன் ஹிட்ச்’ என்று பெயர். டாட் என்றால் விறைப்பான, லைன் என்றால் கயிறு. ஹிட்ச் என்பது கயிற்றை ஒரு கம்பத்தோடோ இன்னொரு கயிற்றோடோ பிணைக்கும் கட்டு. சாரணர்களும், மரமேறி வேலை செய்பவர்களும் பயன்படுத்தி வந்த முடிச்சு இது.

தமிழில் ‘நகர்முடிச்சு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஓடுபாதை, சுழல்நாற்காலி போல வினைத்தொகை. நகர் என்றதும் ஊர் நினைவுக்கு வருகிறது என்றால், சரி, ‘நகரும் முடிச்சு’ என்றே எழுதுங்கள்.

கைவினையில் இதே சொல்லை இன்னொரு கட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். மணிமாலையின் இரு நுனிகளையும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன் மேல் மூன்று நான்கு சுற்று சுற்றி முடிவார்கள். இரண்டு முடிச்சுகளையும் விலக்கினால் மாலை சிறுக்கும், நெருக்கினால் பெருக்கும். மெழுகு பூசிய பருத்தி நூலில் இது நன்றாக நிற்கும். ஆனால் நைலான் வழுக்கும். ஒருமுறை நைலான் கூடாரக் கயிற்றை உள்பக்கம் இரண்டே சுற்றில் கட்டிவிட்டு நான் தூங்கப் போனேன். விடியும்போது துணி என் முகத்தின் மேல் கிடந்தது. நைலானுக்கு உள்பக்கம் இன்னொரு சுற்று வேண்டும்.