பைத்தான் ஓடும், எந்தப் பைத்தான், எத்தனை ஆண்டுக்கு?

மேகக் கணிமைத் தளம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆலோசனை கேட்டு வரும் குழுக்கள், தாங்கள் எழுதும் நிரல் மொழி (பைத்தான் போன்றது) அங்கே ஓடுமா என்றுதான் முதலில் விசாரிக்கின்றன. ஓடும் என்று தெரிந்ததும் பலர் விசாரணையை அத்துடன் முடித்துவிடுகிறார்கள் என்பதே என் கவலை.

கூகுளின் மேகத் தளமான ஆப் எஞ்சின் 2008 ஏப்ரலில் வெளிவந்தபோது அதில் ஓடிய ஒரே மொழி பைத்தான். ஜாவா 2009இலும் கோ 2011இலும் பிஎச்பி 2013இலும் வந்து சேர்ந்தன. ஆனால் மொழி இருந்ததே தவிர அதன் முழுச் சுதந்திரம் இருக்கவில்லை. சி மொழியில் எழுதப்பட்ட நீட்சிகளை நாமாகச் சேர்க்க இயலவில்லை. கோப்புகளை வட்டில் எழுதவும் முடியவில்லை. தரவைத் தளத்தின் டேட்டாஸ்டோர் என்ற தரவுத்தளத்தில், அதற்கே உரிய நூலகத்தின் வழியாகச் சேமிக்க வேண்டியிருந்தது. பைத்தான் 2க்கு அம்மொழிச் சமூகம் 2020 ஜனவரி 1 அன்று ஆதரவை நிறுத்தியது. கூகுள் அதற்குப் பிறகும் 2024 ஜனவரி வரை 2.7 பதிப்பைத் தாங்கிப் பிடித்தது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இருப்பினும் 2018இல் வந்த பைத்தான் 3.7 சூழலில் மெம்கேஷ் (தரவைத் தற்காலிகமாக நினைவகத்தில் வைக்கும் சேவை) முதலிய பழைய உள்ளிணைந்த சேவைகள் தொடக்கத்தில் இல்லாததால், பதிப்பை மாற்றப் போனவர்கள் பயன்பாட்டின் அடித்தளத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அச்சேவைகள் பைத்தான் 3க்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன.

வேறொரு தளத்திலிருந்து ஒரு வாடிக்கையாளரின் முன்பதிவுச் செயலியை இடம்பெயர்த்தபோது இதே பாடத்தை நேரில் கற்றேன். மொழிப் பதிப்பை உயர்த்தும் வேலை மூன்று வாரங்களில் முடிந்தது. தளத்தின் தரவு நூலகத்தை நேரடியாக அழைத்த வரிகள் நிரல் முழுவதும் சிதறிக் கிடந்ததால், அவற்றைப் பிரித்தெடுக்க ஐந்து மாதங்கள் ஆயின.

அமேசானின் மேகச் சேவையான ஏடபிள்யூஎஸ் லாம்ப்டாவில் ஒரு மொழிப் பதிப்பு காலாவதியானால், முதலில் புதிய செயல்பாடுகளை (அங்கே ஏற்றி ஓட்டும் சிறு நிரல்களை) உருவாக்குவதும், பின்னர் இருப்பவற்றைப் புதுப்பிப்பதும் தடுக்கப்படும். பழையவை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிறதே என்று அதைக் கவனிக்காமல் விடுவதே பெரிய ஆபத்து, ஏனெனில் பாதுகாப்புக் குறை ஒன்று தெரியவரும் நாளில் அதைத் திருத்தி ஏற்றும் வழி அடைபட்டிருக்கும். 2020 டிசம்பர் முதல் அங்கே நிரலையும் அதற்கு வேண்டிய மொழிச் சூழலையும் ஒன்றாகக் கட்டிய கொள்கலன் படிமங்களையும் ஏற்றலாம் என்பதால் மொழித் தேர்வு பெருமளவு நம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் படிமத்தைப் புதுப்பித்து வைக்கும் பொறுப்பும் அதனுடன் சேர்ந்தே வருகிறது; இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தளமே மூடப்படுவதும் உண்டு. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய, கைபேசிச் செயலிகளுக்கான தளமான பார்ஸ், 2016 ஜனவரியில் மூடல் அறிவிப்பை வெளியிட்டு, ஓராண்டு கழித்து நின்றது. அதன் வழங்கி நிரல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டதால் பலரால் சொந்த வழங்கிக்கு மாற முடிந்தது.

ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்பு, செயலியின் ஒரு சிறு பகுதியைத் தளத்துக்கு வெளியே, சாதாரண லினக்ஸ் வழங்கியில் போஸ்ட்கிரெஸ்குவெல் தரவுத்தளத்துடன் ஓட்டிப் பார்க்க ஒரு நாளை ஒதுக்கச் சொல்கிறேன். அங்கே எந்தெந்த வரிகள் நின்றுபோகின்றன என்பதையும், பயன்படுத்தும் மொழிப் பதிப்புக்குத் தளம் அறிவித்துள்ள ஆதரவு முடியும் தேதியையும் ஒரே தாளில் எழுதி, விலைப்பட்டியலுடன் சேர்த்து நிர்வாகத்திடம் கொடுக்கச் சொல்கிறேன்.