உருட்டு: சொல் விளக்கம்

"நல்லா உருட்டுறான்" என்று யாராவது எழுதாத வாட்ஸ்அப் குழுவை இன்று மட்டக்களப்பில் காண்பது அரிது. நடந்ததோடு நடக்காததையும் கலந்து, கேட்பவர் நம்பும்படி நீட்டிக் கதைப்பதுதான் உருட்டு. தமிழ்நாட்டு மீம்களில் பெருகி, யூடியூப் வழியாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்த பொருள் இது. அதற்கு முன் களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ உருட்டியது பூனைதான், அதுவும் குசினியில் சட்டி பானையை.

சொல் என்னவோ பழையது. தானாக உருண்டால் 'உருள்', இன்னொருவர் தள்ளிவிட்டால் 'உருட்டு'. பேச்சோடும் அதற்கு முன்பே உறவு உண்டு. உருட்டி மிரட்டி வேலை வாங்குவார்கள். மோசடிக்காரனை 'உருட்டுப் புரட்டு' ஆள் என்பார்கள். இன்றைய பொருள் இந்த இரண்டாவதிலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. அந்த இணையில் பொய்யைச் சுமந்தது 'புரட்டு'. அதைக் கழற்றிவிட்டு, பாரம் முழுவதையும் உருட்டின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

வந்த புதிதில் சொல்லுக்கு ஒரு கூர்மை இருந்தது. தேர்தல் மேடையில் பாலும் தேனும் ஓடவைப்பவருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. அப்புறம் சாத்திரக்காரர் சொன்னதும் உருட்டு, வாத்தியார் சொன்னதும் உருட்டு, பிந்தி வந்த கூட்டாளி சொன்ன காரணமும் உருட்டு. பௌர்ணமி இரவில் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று ஒரு பெரியவர் எழுதுகிறார் என்று வையுங்கள். "உருட்டு" என்று ஒரே சொல்லில் பதில் வரும். 1950களில் ஒரு பாதிரியார் வாவிக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த ஒலியைப் பதிவு செய்ததையும், பிறகு அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானதையும் தேடிப் பார்க்க யாருக்குப் பொறுமை? பொய்யைப் பிடிக்க வந்த சொல், கேட்காமல் தட்டிக்கழிக்கும் சொல்லாகிவிட்டது.

சரி, நல்ல தமிழில் என்ன சொல்வது? மிக நெருக்கமானது 'கதையளத்தல்'. எங்களுக்கு இது இன்னும் பொருந்தும். நாங்கள் பேசுவதில்லை, கதைக்கிறோம். "அவர் கதைக்கிறார்" என்றால் மரியாதை, "கதை அளக்கிறார்" என்றால் போச்சு. அடியோடு பொய் என்றால் புளுகு. அளவு மீறினால் அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு. செய்யாததைச் செய்வேன் என்பவர் போடுவது வாய்ப்பந்தல். தற்பெருமைக்குப் பீற்றல். இத்தனையும் கையில் இருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே உருட்டு என்பது சோம்பல்தான்.

இதற்கு முந்திய தலைமுறை 'ரீல்' விட்டது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தபின் அந்தச் சொல் பாவம், "அவன் ரீல் போட்டான்" என்றால் காணொளி என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். உருட்டின் இடத்துக்கு இப்போது 'கம்பி கட்டுற கதை' போட்டிக்கு நிற்கிறது. தட்டச்சு செய்ய நீளம் என்பதால் அது இன்னும் அவ்வளவாகத் தேயவில்லை.