டிஷ் எங்கே பார்க்கிறது?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மொட்டை மாடியில் டிடி ஃப்ரீ டிஷ் மாட்டியிருக்கிறார். மழை பிடித்தாலே படம் கட்டம் கட்டமாக உடைகிறது. சரிபார்க்க வந்தவர், அடுத்த வீட்டுத் தென்னையைக் காட்டி, "டிஷ்ஷுக்கு நேர் எதிரே நிற்குது, அதை வெட்டினால்தான் சரியாகும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். வெட்டச் சொல்லிக் கேட்கலாமா என்பது கேள்வி.

கேட்காதீர்கள். அந்த மரம் டிஷ்ஷின் முகத்துக்கு நேரே நிற்கலாம். ஆனால் டிஷ் பார்ப்பது அந்தத் திசையை அல்ல.

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் அது இருக்கிறது. பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றுவதால் நமக்கு அசையாமல் நிற்கிறது, பள்ளியில் படித்ததுதான். சென்னையிலிருந்து அதன் திசை கிட்டத்தட்ட மிகச் சரியான தென்கிழக்கு, அடிவானத்திலிருந்து 68 பாகை உயரம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். நம் டிஷ்ஷோ அவ்வளவு மல்லாந்து கிடப்பதில்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வடிவியல் ஒளிந்திருக்கிறது.

பரவளையக் கிண்ணத்தின் அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் எல்லாம் அதன் குவியத்தில் வந்து சேரும். முழுக் கிண்ணத்தில் அந்தக் குவியம் நட்ட நடுவில், கிண்ணத்துக்கு முன்னால் இருக்கும். அங்கே எல்.என்.பி.யை, அதாவது டிஷ் குவிக்கும் அலைகளை வாங்கிக்கொள்ளும் சிறு கருவியை, வைத்தால், அதுவும் அதைத் தாங்கும் கம்பியும் வருகிற கதிர்களையே மறைக்கும். கேபிள் ஆபரேட்டரின் பெரிய டிஷ்ஷுக்கு அது பொருட்டில்லை. இரண்டடி டிஷ்ஷுக்கு நஷ்டம். ஆகவே நம் வீட்டு டிஷ் முழுக் கிண்ணமே இல்லை. பெரிய பரவளையம் ஒன்றை மனதில் வரைந்து, நடுப்பகுதியை விட்டுவிட்டு, அச்சுக்கு மேலே உள்ள ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுங்கள். அதுதான் உங்கள் டிஷ். துண்டாக இருந்தாலும் அது பெரிய கிண்ணத்தின் குவியத்துக்கே கதிர்களை அனுப்பும். அந்தக் குவியம் டிஷ்ஷின் கீழ் விளிம்பை ஒட்டி அமைவதால், கதிர் வரும் பாதையில் எல்.என்.பி. குறுக்கிடுவதில்லை. அது கீழிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதால் இன்னொரு லாபமும் உண்டு: டிஷ்ஷின் விளிம்பைத் தாண்டிச் சிந்தும் பார்வை சூடான தரையில் படாமல் குளிர்ந்த வானத்தில் படுகிறது, தரையின் வெப்பத்தால் சிக்னலில் கலக்கும் இரைச்சல் குறைகிறது. டேப் வைத்து அளந்து பாருங்கள். டிஷ்ஷின் உயரம் அகலத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். செயற்கைக்கோளின் திசையிலிருந்து பார்த்தால் அந்த நீள்வட்டம் வட்டமாகத் தெரியும்.

இந்த அமைப்பின் விளைவு: டிஷ்ஷின் முகம் காட்டும் திசையைவிட அது உண்மையில் பார்க்கும் திசை சுமார் 22 முதல் 25 பாகை மேலே. முகம் 44 பாகையில் சாய்ந்திருக்கும்போது பார்வை 68 பாகையில் ஏறுகிறது. அப்படியானால், நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் தென்னை டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் ஓங்கியிருந்தால்தான் குறுக்கே வரும்.

சந்தேகம் தீரவில்லையா? சூரியனைக் கேளுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் சில நாட்கள் செயற்கைக்கோளுக்குப் பின்னாலேயே வந்து நிற்கிறது. சென்னையில் ஜிசாட்-15க்கு அந்த நேரம் மார்ச்சில் காலை சுமார் 11.15, செப்டம்பரில் 11 மணிக்குச் சற்று முன். அப்போது மாடிக்குப் போய்ப் பாருங்கள். டிஷ் முழுவதும் வெயில் விழுந்தால் பாதை திறந்திருக்கிறது. மட்டையின் நிழல் விழுந்தால் மட்டும் டிஷ்ஷை நகர்த்துங்கள். மரத்தை அல்ல.

தென்கிழக்கு அக்னி மூலையாயிற்றே, அங்கே டிஷ் வைக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தென்கிழக்கு வானம் திறந்திருக்கிற எந்த மூலையிலும் வைக்கலாம். வாஸ்துவுக்காக டிஷ்ஷைத் தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்குள் தள்ளுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காரணம் மரம் இல்லையென்றால் மழையில் படம் ஏன் உடைகிறது? 11 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். டிஜிட்டல் சிக்னலில் ஓரளவு பிழை வந்தாலும் செட்டாப் பாக்ஸ் திருத்திக்கொள்ளும். எல்லை தாண்டினால் படம் ஒரேயடியாக உடையும். டிஷ் சற்றே விலகியிருந்தால், வெயில் நாளில் தெரியாத அந்தக் குறை மழையில் எல்லையைத் தாண்ட வைக்கிறது.

60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 பாகைதான். விளிம்பு அரை சென்டிமீட்டர் அசைந்தாலே ஒரு பாகை போய்விடும். பலரும் டிஷ்ஷைப் பக்கவாட்டில்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். நமக்குச் செயற்கைக்கோள் உச்சிக்கு அருகில் இருப்பதால், பக்கவாட்டில் 3 பாகை திருப்பினாலும் பார்வை ஒரு பாகைக்குச் சற்று மேல்தான் நகரும். மேல்-கீழ் சாய்வில் அந்தச் சலுகை கிடையாது. எனவே திசையை ஓரளவு பிடித்தபின், சாய்வு நட்டில்தான் பொறுமை காட்ட வேண்டும். எல்.என்.பி.யையும் அதன் பிடிக்குள் மெல்லத் திருகிப் பாருங்கள்; சென்னைக்கு அது கிட்டத்தட்ட 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்யும்போது செட்டாப் பாக்ஸின் சிக்னல் திரையில் 'ஸ்ட்ரெங்த்' கோட்டை நம்பாதீர்கள். எல்.என்.பி.யின் சொந்த இரைச்சலும் அதில் சேரும்; சுவரைப் பார்த்து வைத்தாலும் அது காட்டும். 'குவாலிட்டி' ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு அசைவுக்குப் பின் சில நொடி பொறுத்தால்தான் அந்தக் கோடு நிலைக்கு வரும். உச்சம் கிடைத்ததும் ஒரே பக்க நட்டை முழுசாக இறுக்கிவிடாதீர்கள், டிஷ் இழுபட்டு நகர்ந்துவிடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கால் சுற்றாக இறுக்குங்கள்.