சாலமோனியத் தீர்ப்பு என்றால் பாதிப் பாதியா?

குடும்பத் தகராறுகளில் சமரசம் பேசி வைப்பது என் வேலை. "வாரத்துல பிள்ளை மூணரை நாள் அவங்க அம்மாவுக்கு, மூணரை நாள் எனக்கு. சாலமோன் தீர்ப்பு மாதிரி முடிச்சிடுங்க சார்" என்றார் ஒரு அப்பா. வக்கீல்களே ‘சாலமோனிய’ என்ற சொல்லை இந்தப் பொருளில் போட்டு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பைபிளில் வரும் சாலமோன் ராஜாவின் அந்தக் கதையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள்; மூன்று நாள் இடைவெளியில் ஆளுக்கொரு பிள்ளை. ஒரு பிள்ளை இரவில் இறந்துபோகிறது. உயிரோடு இருப்பது தன்னுடையது என்று இருவருமே சாதிக்கிறார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை, அதனால் சாட்சியும் இல்லை. ராஜா வாளைக் கொண்டுவரச் சொல்லி, ஆளுக்குப் பாதியாக வெட்டுங்கள் என்கிறார். ஒருத்தி பதறிப்போய், அவளிடமே கொடுத்துவிடுங்கள், கொல்லாதீர்கள் என்று கெஞ்சுகிறாள். மற்றவளோ வெட்டட்டும் என்கிறாள். பதறியவளுக்கே முழுப் பிள்ளையும் போகிறது.

ஆக, வாள் தீர்ப்பே இல்லை. உண்மையை வெளியே வரவைக்கப் போட்ட தூண்டில். சாலமோனிய என்றால் அந்தக் கூர்மை. இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு கோடு போடுவதற்கு அவ்வளவு பெரிய ராஜா எதற்கு?



இன்னொரு தப்பு இதைவிட ஆபத்தானது: கதையில் வருவதுபோல விட்டுக்கொடுத்தால் பிள்ளை தன்னிடமே வரும் என்று நம்புவது. "அவரே வெச்சுக்கட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ஜட்ஜுக்கு என் மனசு புரியும்னு நினைச்சேன்" என்று அழுதார் ஒரு அம்மா. புரியாது அம்மா. நீதிபதி முன்னால் இருப்பது உங்கள் கையெழுத்துதான். விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தால் விட்டுக்கொடுத்ததாகத்தான் அர்த்தம். கையெழுத்துக்கு முன்னால் உங்கள் வக்கீலிடம் அந்தத் தாளை வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சாலமோன் முன்னால் இருந்தது பேசத் தெரியாத பச்சைப் பிள்ளை. எங்களிடம் வரும் பிள்ளைகள் பலருக்குப் பேசத் தெரியும். 1989-இல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தனக்கென்று ஒரு கருத்து உள்ள பிள்ளையின் பேச்சைக் கேட்கச் சொல்கிறது. கேட்டோம். அந்த மூணரை நாள் அப்பாவின் மகளுக்கு ஒன்பது வயது. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ புதன்கிழமை மத்தியானம் நான் எந்த வீட்டுக்குப் போகணும்?" என்றாள். அப்பா மூணரை நாள் கணக்கு எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.