பற்றுச்சீட்டு அல்ல, பக்குவ ஏடு

பழைய ஆங்கிலேயப் பெண்கள் சமையலையும் மருந்தையும் கையால் எழுதி வைத்த 'ரிசீட் புக்'கைத் தமிழில் 'பற்றுச்சீட்டுப் புத்தகம்' ஆக்கியிருப்பதை மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டேன். இம்முறை மட்டக்களப்பில், பெண்கள் வரலாறு பற்றிய ஒரு கருத்தரங்கின் கட்டுரைச் சுருக்கத்தில். கடையில் காசு கட்டினால் தருகிற துண்டு என்றுதானே வாசிக்கிறவர் நினைப்பார்?

ரிசீட், ரெசிப்பி இரண்டும் பெறுதல், எடுத்தல் என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை. வைத்தியர் மருந்துச் சீட்டை 'எடுத்துக்கொள்' என்று தொடங்குவார். அந்தச் சொல்தான் பிறகு அடுப்படிக்கு வந்தது.

சரி, 'சமையல் குறிப்பேடு' போதாதா என்கிறார்கள். போதாது. ஆன் ஃபான்ஷா என்ற ஆங்கிலேயச் சீமாட்டி 1651இல் தொடங்கிய ஏட்டில் மருந்தும் உணவும் கலந்தே கிடக்கின்றன. கணவர் ஸ்பெயினில் தூதுவராக இருந்தவர், அதனால் சொக்கலேட் காய்ச்சும் பாத்திரத்தின் படம்கூட அதில் இருக்கிறது. அந்த ஏடு மகளுக்குப் போனது. மகனுக்காக 1676இல் ஆன் தன் வாழ்க்கையையும் தனியாக எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் அந்த வீடு முழுசாகத் தெரியும். அதைப் போய்ச் சமையல் குறிப்பு என்றால் பாதி ஏடு காணாமல் போகிறது.

எங்கள் அம்மம்மாவின் கொப்பியும் அப்படித்தான். தொதல் என்கிற இனிப்புக்கு எத்தனை சுண்டு மா என்று எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கிற சரக்கு, ஓரத்தில் 'பெரிய மாமி சொன்னது'. இதில் எது சமையல், எது மருந்து?

இன்னொரு பக்கம் 'மடைநூல்', அதாவது சமையற்கலை நூல், என்கிறார்கள் தூய தமிழ்க்காரர்கள். மணிமேகலையில் மாதவி கற்ற கலைகளோடு வரும் நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மடை என்றால் வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை, இல்லாவிட்டால் சடங்கில் அம்மனுக்கு வைக்கிற மடை. தவிர, அது கற்றுக்கொள்ளும் கலையின் பெயர். ஒருத்தி தன் கையால் எழுதிச் சேர்த்ததை அது சொல்லாது. அகராதியில் கண்ட முதல் சொல்லைத் தூக்கி வைக்கிறவரும், ஆயிரம் வருடத்துக்கும் முந்திய சொல்தான் வேண்டும் என்று நிற்கிறவரும் அடுப்படியில் பேசுகிற பெண்ணிடம் மட்டும் கேட்கவே மாட்டார்கள். இதுதான் எனக்குக் கோபம்.

நான் சொல்வது 'பக்குவ ஏடு'. பக்குவம் வடசொல்தான். இருக்கட்டும். கறிக்கும் பக்குவம், கசாயத்துக்கும் பக்குவம். தொதல் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு எண்ணெய் கக்கும்போது அம்மம்மா அகப்பையை நிறுத்திவிட்டு "பக்குவம் வந்திட்டு" என்பார்.