கோஹார்ட்: குழுவா, கூட்டா, ஈடா?

ஒரே காலத்தில் பிறந்தவர்களையோ ஒன்றாகச் சேர்ந்தவர்களையோ பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ‘கோஹார்ட்’ ஆய்வைக் ‘குழு ஆய்வு’ என்று எழுதுவது தமிழில் பழகிவிட்டது. குழந்தைநலக் கட்டுரை எதைப் பிரித்தாலும் இதே குழுதான். அமைச்சர் அமைப்பதும் குழு, மகளிர் சுய உதவியும் குழு.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘கோஹார்ஸ்’ முதலில் வேலியடைத்த முற்றம். பிறகு அதற்குள் அடங்கும் கூட்டம். பிறகு ‘லீஜியன்’ என்ற ரோமானியப் பெரும்படைப் பிரிவில் பத்தில் ஒரு பங்குப் படை.

குழுவில் எப்போதும் சேரலாம், விலகலாம். கோஹார்ட்டின் கதவு ஒரு முறைதான் திறக்கும். பிரிட்டனில் 1946 மார்ச் 3 முதல் 9 வரை பிள்ளை பெற்ற 13,687 தாய்மாரிடம் விவரம் திரட்டி, அந்தக் குழந்தைகளில் 5,362 பேரைத் தேர்ந்து ஆயுள் முழுக்கத் தொடர்கிறார்கள். 1958 மார்ச்சில் இன்னொரு வாரம், இன்னொரு ஆய்வு. அதே வாரத்தில் வெளிநாட்டில் பிறந்து பின்னர் குடியேறிய பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளூரிலேயே மறுவாரம் பிறந்த பிள்ளைக்கு இடமில்லை. இதையா குழு என்பது?

இன்னொரு குழப்பம்: கர்ப்பத்தில் புகைபிடித்த தாய்மாரின் பிள்ளைகள், பிடிக்காதவர்களின் பிள்ளைகள் என்று ஒரே கோஹார்ட்டைப் பிரித்து ஒப்பிடுவார்கள். அங்கேதான் குழு என்ற சொல் தேவை. அதை முன்பே செலவழித்துவிட்டு ‘குழுவின் இரு குழுக்கள்’ என்று திணறுகிறார்கள். ‘கூட்டாய்வு’ இதைவிட மோசம். மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்ததாக அல்லவா பொருள்படும்? ஆங்கில அகராதியில் முதல் வரியோடு நின்றுவிடுகிற மொழிபெயர்ப்பு இது.

அடுப்படியிலேயே சொல் இருக்கிறது: ஈடு. ஒரு ஈடு இட்லி என்றால் ஒரே நேரத்தில் ஊற்றி ஒரே ஆவியில் வெந்தவை. அடுத்த ஈட்டுக்குள் மாவு இன்னும் கொஞ்சம் புளித்திருக்கும். இரண்டு ஈட்டையும் பக்கத்தில் வைத்து, ‘இட்லி வேக வேகப் புளிக்கிறது’ என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆனால் 5 வயதினரையும் 15 வயதினரையும் ஒரே நாளில் அளந்துவிட்டு, அந்த வேறுபாட்டைப் ‘பத்தாண்டு வளர்ச்சி’ என்று எழுதும்போது நடப்பது அதுதான். பத்தாண்டு இடைவெளியில் பிறந்தவர்களுக்குக் கிடைத்த உணவும் தடுப்பூசியும் வேறு. இப்படிப் பல வயதினரை ஒரே நேரத்தில் அளக்கும் குறுக்குவெட்டு ஆய்வு, ஈட்டின் வேறுபாட்டை வயதின் வேறுபாடாகக் காட்டிவிடும்.

தனியே ‘ஈட்டாய்வு’ என்றால் காப்பீடும் அடமானமும் குறுக்கே வரும், உண்மைதான். ‘பிறப்பு ஈடு’ என்று பிரித்தே எழுதலாம். பள்ளியில் ஒன்றாகச் சேர்ந்தவர்களைத் தொடர்ந்தால் ‘சேர்க்கை ஈடு’. இதுவும் பிடிக்காதவர்கள் ‘ஒரே வாரத்தில் பிறந்தோரைத் தொடரும் ஆய்வு’ என்று நீட்டி எழுதட்டும், பொருளாவது கெடாது.

பாதியில் தொடர்பு விட்டுப்போனவர்களைக் ‘குழுவிலிருந்து விலகியோர்’ என்பதையும் நிறுத்த வேண்டும். அடிக்கடி வீடு மாறும் ஏழைக் குடும்பங்கள்தான் பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போகும். மிஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் எல்லாப் பிள்ளைகளும் நலமாகத் தெரிவார்கள். எத்தனை பேர் பதில் சொன்னாலும் 1946 ஈடு 5,362 பேர்தான்.