வெளிநாட்டில் படகு ஓட்ட என்னென்ன சான்றிதழ் வேண்டும்? (பிரிட்டனில் இருப்பவர்களுக்கு)

பிரிட்டன் கடலில் சொந்தமாகப் படகு ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. 24 மீட்டருக்கும் 80 டன்னுக்கும் உட்பட்ட உல்லாசப் படகு என்றால், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கிளப்பிக்கொண்டு போகலாம், சட்டம் தடுக்காது. இதையே நம்பி குரோஷியாவில் வாடகைப் படகுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் உண்டு.

இரண்டு கேள்விதான்: படகு எந்த நாட்டுக் கொடியில் (அதாவது எந்த நாட்டில் பதிவாகி) ஓடுகிறது, யாருடைய தண்ணீரில் ஓடுகிறது? குரோஷியாவில் வாடகைக்கு எடுத்தால் படகும் அவர்களுடையது, கடலும் அவர்களுடையது, ஆகவே அவர்கள் அங்கீகரித்த சான்றிதழ் இல்லாமல் சாவி கைக்கு வராது. சொந்தப் படகில் போனாலும் மத்தியதரைக்கடல் துறைமுகங்களில் பலர் கேட்பது ஐசிசி (கிரிக்கெட் ஐசிசி இல்லை, ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 40-ஆம் தீர்மானப்படி தரும் திறன் சான்றிதழ்). பிரிட்டனில் இதை ஆர்ஒய்ஏ (அங்குள்ள தேசியப் படகோட்டச் சங்கம்) வழங்குகிறது, வயது 16 ஆகியிருக்க வேண்டும்.

டே ஸ்கிப்பர் (பகலில் படகை நடத்தக் கற்றுத்தரும் ஆர்ஒய்ஏ வகுப்பு) செய்முறைப் பயிற்சி முடித்தவர்கள் தனித் தேர்வு இல்லாமலே ஐசிசி வாங்கலாம். ஆனால் வகுப்பறையில் படித்த டே ஸ்கிப்பர் தியரியை மட்டும் வைத்து வாங்க முடியாது, நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாதவர் நேரடித் தேர்வுக்குப் போகலாம்: படகைத் துறையில் கட்டுவது, தண்ணீரில் விழுந்த ஆளைத் தேடித் திரும்புவது எல்லாம் செய்து காட்ட வேண்டும். பாய்மரப் படகுக்கும் மோட்டார் படகுக்கும் வகை தனித்தனி, அட்டையில் எது இருக்கிறதோ அதுதான் செல்லும்.

சொந்தப் படகில் பிரான்ஸின் கால்வாய், ஆறுகளில் போக ஐசிசியோடு செவ்னி தேர்வும் வேண்டும். அது ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழி விதிகள். நீரோட்டத்தை எதிர்த்து வரும் பெரிய சரக்குப் படகு நீலப் பலகையைக் காட்டி வெள்ளை விளக்கை மினுக்கினால், நாம் வழக்கத்துக்கு மாறாக அதன் வலப்பக்கமாகக் கடக்க வேண்டும். இது தெரியாமல் ரைன் நதியில் இறங்குவது வீண் வம்பு. பிரான்ஸில் கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுத்தால் மட்டும் கொஞ்சம் சலுகை, அங்கேயே சொல்லிக்கொடுத்துத் தற்காலிக அட்டை தந்துவிடுவார்கள்.

அப்புறம் ரேடியோ. விஎச்எஃப் (படகில் பேசும் ரேடியோ) இயக்கத் தனிச் சான்றிதழ் உண்டு, குரோஷிய வாடகைப் படகில் ஒருவரிடமாவது அது இருக்க வேண்டும். கிரீஸில் ஸ்கிப்பரோடு (படகின் தலைவர்) படகு ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆளையும் கேட்பார்கள். சொந்தப் படகென்றால் பதிவு, காப்பீடு, வாட் வரி கட்டிய ஆதாரம் எல்லாம் அசலாகவே படகில் இருக்கட்டும்.

ஐசிசி 5 வருடம் செல்லும், அதற்குள் விண்ணப்பித்தால் மறுதேர்வு இல்லை. ரேடியோ சான்றிதழுக்குக் காலக்கெடு கிடையாது.